‘தாங்கும் சார்!’

கிரகப்பிரவேசத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது ஹாலில் ஏணி போட்டு நிற்பவரிடம் கேட்டுப் பாருங்கள். ஒரே பதில்தான் வரும்: “தாங்கும் சார்!” விளக்கு பதினைந்து கிலோ சாண்ட்லியராக இருக்கலாம், முப்பது கிலோ கண்ணாடிச் சரவிளக்காக இருக்கலாம். மேலே ஜிப்சம் போர்டு இருக்கலாம், பீஓபி இருக்கலாம், தாத்தா காலத்துச் சுண்ணாம்புப் பூச்சு இருக்கலாம். பதில் மாறுவதில்லை. வீட்டுக்காரர் முகத்தில் சந்தேகம் தெரிந்தால், மாட்டிய கொக்கியை இரண்டு கையாலும் பிடித்து ஒரு தொங்கு தொங்கிக் காட்டுவார். கொக்கி வராது. வீட்டுக்காரர் தலையாட்டுவார். கணக்கு பைசலாகிவிடும்.

அந்தப் பதில் தவறு என்பதுதான் இந்தக் கட்டுரை. ஏணியில் நிற்பவரை மட்டும் குறை சொல்ல வரவில்லை. வரைபடத்தில் டைனிங் டேபிளுக்கு நேர் மேலே ஒரு வட்டம் போட்டு ‘இங்கே ஹேங்கிங் லைட்’ என்று எழுதிவிட்டுப் போகும் இன்டீரியர் டிசைனருக்கும் அதே நம்பிக்கைதான். பிளக் டப்பாவில் கொட்டை எழுத்தில் கிலோக்கணக்கை அச்சடிப்பவர் அதை வளர்க்கிறார். படித்த வீட்டுக்காரர்கள் அதைக் கேள்வி கேட்காமல் வாங்கிக்கொள்கிறார்கள். நல்ல போல்ட்டாகப் போட்டால் பூச்சுக்கூரை எந்த விளக்கையும் தாங்கும், இழுத்துப் பார்த்து வராவிட்டால் பத்திரம்: இதுதான் அந்த நம்பிக்கை. போல்ட்டைப் பற்றியே எல்லோரும் பேசுகிறார்கள். அந்தப் போல்ட் எதைப் பிடித்துக்கொண்டிருக்கிறது, அது எதைப் பிடித்துக்கொண்டிருக்கிறது என்று மேலே மேலே கேட்டுக்கொண்டு போய்க் கான்கிரீட் தளத்தையோ உத்தரத்தையோ தொடுகிறவர் அபூர்வம்.

முதலில் இன்று வீட்டுக்கு வீடு வந்துவிட்ட ஜிப்சம் ஃபால்ஸ் சீலிங்கை எடுத்துக்கொள்வோம். கான்கிரீட் தளத்தின் அடியில் சிறு கிளீட் ஒன்றை ஆங்கரால் முடுக்குவார்கள். அதிலிருந்து மெல்லிய ஜிஐ ஆங்கிள் கீழே இறங்கும். அதன் முனையில் இன்டர்மீடியட் சேனல், அதற்குக் குறுக்கே சீலிங் செக்‌ஷன். செக்‌ஷனின் தகடு ஏறக்குறைய அரை மில்லிமீட்டர் கனம். அதன் அடியில் 12.5 மில்லிமீட்டர் போர்டைத் திருகாணியால் அடிப்பார்கள். வழக்கமான அளவில் சேனல்கள் 1,220 மில்லிமீட்டருக்கு ஒன்று, செக்‌ஷன்கள் 457 மில்லிமீட்டருக்கு ஒன்று. போர்டு, சட்டம், ஜாயின்ட் பூச்சு எல்லாம் சேர்ந்து சதுர மீட்டருக்குப் பத்துப் பன்னிரண்டு கிலோ வரும். தொங்கல் இரு பக்கமும் 1,220 மில்லிமீட்டருக்கு ஒன்று என்று வைத்தால், ஒவ்வொன்றின் பங்கும் ஒன்றரைச் சதுர மீட்டர், அதாவது பதினேழு கிலோ சுமாருக்கு. அந்தச் சட்டம் சுமக்க வேண்டிய வேலை இவ்வளவுதான். இதன் நடுவில் இருபது கிலோ விளக்கை ஒரே புள்ளியில் தொங்கவிட்டால், பக்கத்துத் தொங்கலின் பாரம் ஒரே நாளில் இரட்டிப்பாகிவிடும். அந்தக் கிளீட்டைச் சரியாக முடுக்கினார்களா, அவசரத்தில் பாதி ஆழத்தில் விட்டார்களா என்பது போர்டு மூடிய பிறகு யாருக்கும் தெரியாது.

“சட்டம் ஸ்டீல்தானே சார்” என்பார்கள். ஸ்டீல்தான். பிஸ்கட் டப்பாவும் ஸ்டீல்தான். உலோகத்தின் பெயர் பாரம் சுமக்காது. தகட்டின் கனமும், அது மடிக்கப்பட்டிருக்கும் வடிவமும், அது எங்கே போய்ப் பிடித்திருக்கிறது என்பதும்தான் சுமக்கும்.

இங்கே கொஞ்சம் விவரமறிந்தவர்கள் குறுக்கிடுவார்கள்: “போர்டுக்கு மேலே பிளைவுட் வெச்சிருக்கோம், அதுல ஸ்க்ரூ போட்டா ஆயுசுக்கும் வராது.” இந்த வாதம்தான் எல்லாவற்றிலும் ஆபத்தானது, ஏனென்றால் இதில் பாதி உண்மை இருக்கிறது. முக்கால் அங்குல பிளைவுட்டில் இறங்கிய திருகாணி வராது என்பது சரி. பிளைவுட்டைத் தாங்குவது யார்? பெரும்பாலும் அதே அரை மில்லிமீட்டர் சீலிங் செக்‌ஷன். திருகாணி போர்டைக் கிழித்துக்கொண்டு வரும் அபாயத்தைப் பிளைவுட் நீக்குகிறது. விளக்கின் கனத்தை ஒரு சதுர அடிக்குப் பரப்பியும் தருகிறது. ஆனால் அந்தக் கனம் தளத்தைப் போய்ச் சேரும் வழியில் எதையும் மாற்றவில்லை. சட்டமும் பிளைவுட்டும் விளக்கும் ஒன்றாக இறங்குவதற்கு வசதி செய்திருக்கிறோம், அவ்வளவுதான். பிளைவுட்டின் நான்கு மூலையிலிருந்தும் தனித் திரெட் ராட் ஏற்றி, அவற்றைத் தளத்தில் முடுக்கினால் அது வேறு கதை. அப்படிச் செய்தவர்கள் தாராளமாகப் பெருமைப்பட்டுக்கொள்ளலாம். “பிளைவுட் இருக்கு” என்று சொல்பவரிடம் “ராட் இருக்கா?” என்று கேளுங்கள். பேச்சு அங்கேயே முடிந்துவிடும்.

அடுத்தது டப்பாவில் அச்சடித்த கிலோ. போர்டுக்கான டாகிள் பிளக் டப்பாவில் இருபது, முப்பது என்று ஒரு எண் இருக்கும். பல சமயங்களில் அது பிளக் உடையும் எல்லை. நல்ல உற்பத்தியாளர்கள் சிறு எழுத்தில், பயன்பாட்டுக்கு அதில் நான்கில் ஒரு பங்கையே கணக்கில் எடுங்கள் என்று சொல்லியிருப்பார்கள். அதைவிடப் பெரிய சூழ்ச்சி திசையில் இருக்கிறது. சுவரில் அலமாரி மாட்டும்போது பிளக்கின் மேல் வரும் விசை குறுக்காக வருகிறது. துளையின் விளிம்பும் சேர்ந்து தாங்குகிறது. கூரையில் மாட்டும்போது அதே பிளக்கை அது போன வழியிலேயே பிடுங்கி எடுக்க இருபத்துநாலு மணி நேரமும் ஒரு கை இழுத்துக்கொண்டிருக்கிறது. பிளாஸ்டிக் ராவல் பிளக்கைப் பத்து வருடமாகச் சுவரில் அடித்துப் பழகிய கை, அதே நம்பிக்கையோடு மேலேயும் அடிக்கிறது. கை பழகியிருக்கலாம், விசை மாறிவிட்டதே.

ஃபால்ஸ் சீலிங்கே இல்லாத வீட்டிலும் பூச்சு தன் வேலையைக் காட்டும். கான்கிரீட் தளத்தின் அடியில் பத்து, பன்னிரண்டு மில்லிமீட்டர் சிமென்ட் பூச்சு இருக்கிறது. ஐம்பது மில்லிமீட்டர் ஆங்கர் போல்ட்டை அடித்தால் அதில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு பூச்சுக்குள்ளேயே செலவாகிவிடும். அந்தப் பகுதி பிடிக்கு எந்த உதவியும் செய்யாது. மிஞ்சியது முப்பத்தெட்டு மில்லிமீட்டர். அதிலும் முதல் இருபது மில்லிமீட்டர் கம்பிக்குக் கீழே இருக்கும் கவர் கான்கிரீட். கடலோரச் சென்னையிலோ, மொட்டைமாடி ஒழுகும் எந்த ஊர் வீட்டிலுமோ கம்பி துருப்பிடித்துப் பருத்து, அந்தக் கவரைக் கம்பியிலிருந்து பிரித்து வைத்திருக்கும். கண்ணுக்குத் தெரியாது, பெயின்ட் பளபளக்கும். சுத்தியலின் பின்பக்கத்தால் தட்டினால் பொத்துப் பொத்தென்று கேட்கும். அந்த இடத்தில் அடித்த ஆங்கர் பிரிந்து தொங்கும் ஒரு பாளத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. தட்டிப் பார்க்க அரை நிமிடம் போதும். எத்தனை பேர் தட்டுகிறார்கள்?

இனி அந்தத் தொங்கிக் காட்டும் சோதனைக்கு வருகிறேன். “என் எடை எழுபது கிலோ சார், என்னையே தாங்குது, இந்த விளக்கு என்ன?” கேட்பதற்கு மறுக்க முடியாத தர்க்கம்போல இருக்கிறது. முதல் விஷயம், ஏணியில் ஒரு கால் வைத்துக்கொண்டு தொங்குபவரின் முழு எடையும் கொக்கியில் இறங்குவதில்லை. முழுவதும் இறங்கினாலும், சோதித்தது பத்து விநாடியை. விளக்கு தொங்கப்போவது இருபது வருடத்தை. இந்த இரண்டும் ஒரே சோதனையின் சிறியதும் பெரியதுமான அளவு என்று நினைப்பதில்தான் கோளாறு. பிசின், பிளாஸ்டிக், ஜிப்சம் போன்ற பொருள்கள் ஒரு பாரத்தைச் சட்டென்று வாங்கும்போது காட்டும் பலம் வேறு. அதே பாரத்தை விடாமல் சுமக்கும்போது மெல்ல மெல்ல ஊர்ந்து கொடுப்பது வேறு. பொறியாளர்கள் இதைக் கிரீப் என்பார்கள்.

இதற்கு உலகம் அறிந்த சாட்சி அமெரிக்காவின் பாஸ்டனில் இருக்கிறது. ‘பிக் டிக்’ என்ற மாபெரும் சுரங்கச் சாலைத் திட்டத்தில், சுரங்கத்தின் மேற்கூரையில் எபாக்சிப் பசையால் ஒட்டிய போல்ட்களில் கான்கிரீட் பலகைகளைத் தொங்கவிட்டிருந்தார்கள். போல்ட்களை இழுத்துச் சோதித்தார்கள். 1999இலேயே சில போல்ட்கள் கீழிறங்கத் தொடங்கியிருப்பதைப் பார்த்தார்கள். மாற்றினார்கள், மறுபடி இழுத்துப் பார்த்தார்கள், சரி என்று விட்டார்கள். 2006 ஜூலை 10ஆம் தேதி இரவு ஏறக்குறைய 26 டன் கான்கிரீட்டும் தொங்கல் கம்பிகளும் ஓடிக்கொண்டிருந்த கார் ஒன்றின்மேல் விழுந்தன. காரில் இருந்த பெண் இறந்துபோனார். விசாரித்த தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் சொன்ன காரணம், தொடர்ந்த பாரத்தில் அந்த எபாக்சி ஊர்ந்து கொடுத்தது என்பதே. பட்டம் பெற்ற பொறியாளர்கள், அளவெடுக்கும் கருவி வைத்து இழுத்த போல்ட்கள் அவை. நம் வீட்டில் ஒருவர் கையால் தொங்கியதை எந்தக் கணக்கில் சேர்ப்பது?

“பக்கத்து வீட்டுல பத்து வருஷமா தொங்குதே” என்பது இதன் தம்பி வாதம். பத்து வருடம் தொங்கியது, அது விழவில்லை என்பதற்குச் சான்று. விழாது என்பதற்கு அல்ல. ஜப்பானின் சசாகோ சுரங்கச் சாலை 1977இல் திறக்கப்பட்டது. முப்பத்தைந்து வருடம் அதன் கூரைப் பலகைகள் தொங்கின. 2012 டிசம்பர் 2ஆம் தேதி காலையில், பசை ஆங்கர்கள் பிடிவிட்டு, நூறு மீட்டருக்கு மேல் நீளத்துக்கு அவை இறங்கின. ஒன்பது பேர் இறந்தார்கள். சுரங்கத்தையும் வீட்டையும் ஒப்பிடலாமா என்று கேட்பீர்கள். சரி, அசல் பூச்சுக்கூரைக்கே வருவோம். லண்டன் ஷாஃப்ட்ஸ்பரி அவென்யூவில் இருக்கும் அப்பல்லோ நாடக அரங்கம் 1901இல் திறக்கப்பட்டது. அதன் அலங்காரக் கூரை முழுக்கப் பிளாஸ்டர். பிளாஸ்டரில் தோய்த்த சணல் துணிக் கட்டுகளால் மேலே உள்ள மரச்சட்டத்தில் கட்டியிருந்தார்கள். நூறு வருடத்துக்கு மேல் அசையாமல் நின்றது. 2013 டிசம்பர் 19ஆம் தேதி இரவு, நாடகம் நடந்துகொண்டிருக்கும்போதே ஒரு பகுதி பார்வையாளர்கள்மேல் விழுந்தது. எழுபதுக்கும் மேற்பட்டோர் காயமடைந்தனர். சணல் கட்டுகள் காலப்போக்கில் இற்றுப்போனதே காரணம் என்று கண்டார்கள். கூரை எதையும் கூடுதலாகச் சுமக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். தன் கனத்தையே அது கைவிட்டது. அப்படிப்பட்ட ஒன்றிடம் இன்னும் இருபது கிலோவை ஒப்படைக்கத்தான் நம்மைத் தலையாட்டச் சொல்கிறார்கள்.

நம்மூரில் கூரையின் காலத்தைக் குறைப்பது ஈரம். பீஓபி எனப்படும் பாரிஸ் பிளாஸ்டர் சுட்டு நீர் போக்கிய ஜிப்சம். தண்ணீர் கலந்ததும் இறுகி மறுபடி ஜிப்சமாகிறது. காய்ந்த நிலையில் விறைப்பாக இருக்கும். சில சதவீத ஈரத்தைக் குடித்தாலே பலம் ஏறக்குறையப் பாதியாக இறங்கிவிடும். மேல் மாடிக் குளியலறையின் கசிவு, ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலே ஓடும் ஏசிக் குழாயில் வேர்க்கும் நீர், கார்த்திகை மழையில் மொட்டைமாடியில் தேங்கும் தண்ணீர்: மூன்றும் வந்து சேருமிடம் ஜிப்சம் போர்டின் முதுகு. கீழே நிற்பவருக்கு ஒரு மஞ்சள் கறை தெரியும். பெயின்டர் வந்து கறைக்கு மேல் பூசிவிட்டுப் போவார்.

ஈரத்தோடு சேர்த்து எண்ண வேண்டியது அதிர்வு. ஃபேனையும் விளக்காகவே பாவித்து ஃபால்ஸ் சீலிங் சட்டத்தில் மாட்டும் வீடுகள் இருக்கின்றன. சாதாரண 1,200 மில்லிமீட்டர் சீலிங் ஃபேனின் எடை நாலைந்து கிலோதான், அதனால்தான் துணிகிறார்கள். ஆனால் அது முழு வேகத்தில் நிமிடத்துக்கு ஏறக்குறைய 350 சுற்று சுற்றும். பத்து மணி நேரம் ஓடினால் ஒரு நாளைக்கு 2,10,000 சுற்று. வருடத்துக்கு ஏழரைக் கோடிக்கு மேல். இறக்கை ஒன்று இம்மி வளைந்திருந்தால், ஒவ்வொரு சுற்றுக்கும் திருகாணி ஒரு தட்டு வாங்கும். எடையை மட்டும் பார்த்து ‘லேசானது’ என்று முடிவு செய்பவர்கள் இந்தத் தட்டை எண்ணுவதில்லை.

பழைய வீட்டுக்காரர்கள் சிலருக்கு வேறொரு நம்பிக்கை இருக்கிறது: “அந்தக் காலத்துக் கூரை, என்ன கனம் வேணா தாங்கும்.” அரண்மனைகளிலும் செட்டிநாட்டு வீடுகளிலும் பெல்ஜியம் சரவிளக்குகள் தொங்கவில்லையா என்பார்கள். தொங்கின, ஆனால் எதில்? மெட்ராஸ் டெரஸ் கூரையைப் பாருங்கள். ஏறத்தாழ ஒன்றரை அடிக்கு ஒரு தேக்குக் கட்டை, கட்டைகளின்மேல் செங்கற்களைக் குத்துவசமாக மூலைவாட்டில் சுண்ணாம்புக் கலவையில் நெருக்கி அடுக்கி, அதற்கு மேல் செங்கல் ஜல்லிச் சுண்ணாம்புக் கான்கிரீட், அதற்கு மேல் தட்டோடு. விளக்குக்கும் ஊஞ்சலுக்கும் கொக்கியைத் தச்சர் உத்தரத்திலோ கட்டையிலோ இறக்கினார், அல்லது இரும்பு கர்டரில் வளையம் மாட்டினார். கட்டைகளுக்கு நடுவே உள்ள செங்கல்லிலும் அதன் அடிப்பூச்சிலும் அவர் கை வைக்கவில்லை. நாம்தான் இன்று ஹேமர் டிரில்லை எடுத்துக்கொண்டு, ஒன்றையொன்று நெருக்கி நிற்கும் அந்தச் செங்கல்லில் துளை போடப் போகிறோம். ஐரோப்பிய மாளிகைகளில் சரவிளக்கைச் சுற்றிப் பெரிய பிளாஸ்டர் பூ இருக்கும். விளக்கு அந்தப் பூவில் தொங்குவதாக நமக்குத் தோன்றும். சங்கிலி பூவின் நடுத்துளை வழியாக மேலேறி மரக்கட்டையைப் பிடித்திருக்கும். பூவின் வேலை துளையை மறைப்பது. அதைப் பார்த்து நாம் எடுத்துக்கொண்டது பூவை மட்டும். பீஓபியில் செய்து போர்டில் ஒட்டி, அதிலேயே விளக்கையும் மாட்டுகிறோம்.

குவாலியரின் ஜெய் விலாஸ் அரண்மனை தர்பார் மண்டபத்தில் இரண்டு சரவிளக்குகள் தொங்குகின்றன. ஒவ்வொன்றும் மூன்றரை டன் என்பது கணக்கு. அவற்றை மாட்டுவதற்கு முன் கூரையின்மேல் யானைகளை ஏற்றி நிற்கவைத்துப் பார்த்தார்கள் என்று அங்கே போகும் ஒவ்வொருவருக்கும் சொல்வார்கள். ‘பார், அந்தக் காலத்துக் கூரை’ என்பதற்கு நம்மவர்கள் இந்தக் கதையைத்தான் எடுத்து நீட்டுகிறார்கள். கதை உண்மையோ பொய்யோ, அதன் கட்டுமான அறிவு உண்மை. யானை நின்றது கூரையின் முதுகில். கீழே தங்கமுலாம் பூசிய அலங்காரப் பிளாஸ்டரை யாரும் இழுத்துப் பார்க்கவில்லை. எது சுமக்கப்போகிறதோ அதைத்தான் சோதித்தார்கள். நம் ஏணிக்காரர் சோதிப்பது எதை?

எதிர்முனையிலும் ஒரு கட்சி இருக்கிறது, அதையும் மறுக்க வேண்டும். ஃபால்ஸ் சீலிங் போட்ட வீட்டில் கனமான விளக்கே கூடாது, மாட்ட வேண்டுமானால் கூரையையே பிரிக்க வேண்டும் என்று பயமுறுத்துபவர்கள். தேவையே இல்லை. போர்டில் பதிக்கும் எல்இடி விளக்குகள் சில நூறு கிராம். அவற்றைப் போர்டே பார்த்துக்கொள்ளும். மூன்று கிலோவுக்கு உட்பட்ட தொங்குவிளக்கைச் சட்டத்தின் செக்‌ஷனில் நேராகத் திருகினால் போதும். அதற்கு மேலே போகும் எதுவானாலும் பூச்சை ஊடுருவிப் போக வேண்டும், பூச்சில் நிற்கக் கூடாது. அமெரிக்க மின் விதி 50 பவுண்டுக்கு, அதாவது ஏறக்குறைய 23 கிலோவுக்கு மேற்பட்ட விளக்கை, அந்த எடைக்கென்றே சான்று பெற்ற பெட்டியாக இல்லாதவரை, மின் பெட்டியில் தொங்கவிடாதே, தனித் தாங்கல் கொடு என்கிறது. அங்கே அந்தப் பெட்டியே மரக்கட்டையில் ஆணியடித்து நிற்பது. அரை மில்லிமீட்டர் தகட்டை நம்பும் நமக்கு எல்லைக்கோடு இன்னும் கீழே இருக்க வேண்டும். நான் மூன்று கிலோவில் கோடு போடுவேன். கஞ்சத்தனம் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள்.

செய்முறை ஒன்றும் ரகசியம் இல்லை. வீடு கட்டும்போதே விளக்கு எங்கே என்று முடிவு செய்துவிட்டால், சென்ட்ரிங் பலகையின்மேல் ஃபேன் பாக்ஸை வைத்து, அதன் கொக்கிக் கம்பியைத் தளக் கம்பிகளுக்கு மேலே மடக்கிக் கட்டி, கான்கிரீட்டில் புதைத்துவிடலாம். ஆங்கர், பசை, டிரில் எதுவும் வேண்டாம். எனக்குத் தெரிந்து இதை மிஞ்சிய பிடி இல்லை. ஆனால் தளம் போடும் நாளில் வீட்டுக்காரருக்கு விளக்கு நினைவுக்கு வருவதில்லை. டைல்ஸ் கடைக்குப் போகும்போதுதான் வருகிறது. அப்போது மிஞ்சுவது ஆங்கர். தட்டிப் பார்த்து, கணீரென்று கேட்கும் இடத்தைத் தேர்ந்தெடுங்கள். தளத்துக்குள் மின்குழாய் எந்தப் பெட்டியிலிருந்து எந்தப் பெட்டிக்கு ஓடுகிறது என்று பார்த்து, அந்தக் கோட்டை விட்டு விலகுங்கள். பூச்சின் கனத்தைக் கழித்துவிட்டு, கான்கிரீட்டுக்குள் மட்டும் எவ்வளவு இறங்குகிறது என்று அளவெடுங்கள். தளமே நாலரை, ஐந்து அங்குலம்தான். ஆர்வக்கோளாறில் மொட்டைமாடிக்கு வெளிச்சம் தெரியும்படி துளைத்துவிடக் கூடாது. துளையிலுள்ள தூசியை ஊதி எடுங்கள். தூசியில் பிடித்த ஆங்கர் வழுக்கிக்கொண்டு வரும். கான்கிரீட்டுக்கு நடுவே ஓடோ செங்கல்லோ வைத்து வார்த்த ஃபில்லர் ஸ்லாப் வீடாக இருந்தால் ஓட்டிலோ செங்கல்லிலோ துளைக்காமல், இடையில் ஓடும் கான்கிரீட் பட்டையைத் தேடிப் பிடியுங்கள். இருபது கிலோவுக்கு மேலே போனால் ஒரே ஆங்கரை நம்பாமல், நான்கு துளையுள்ள தகடு ஒன்றை நான்கு ஆங்கரில் முடுக்கி, அதன் நடுவில் கொக்கி வைப்பது என் வழக்கம்.

அங்கிருந்து திரெட் ராடோ சங்கிலியோ இறங்கட்டும். போர்டில் அது வரும் துளை, ராடைவிடச் சற்றுப் பெரிதாக, ராட் போர்டைத் தொடாதபடி இருக்கட்டும். விளக்கின் கிண்ணம் துளையை மூடிவிடும். கிண்ணத்தைப் போர்டு நெளியுமளவு இறுக்குவதும் ஒரு பழக்கமாகிவிட்டது. அதனால் விளக்குக்கு எந்தப் பலமும் கூடுவதில்லை, போர்டில் கீறல்தான் விழும். வயர் தளர்வாக இருக்க வேண்டும். விளக்கின் கனத்தில் ஒரு கிராம்கூட வயரில் ஏறக் கூடாது. உலோக உடம்புள்ள விளக்குக்கு எர்த் கட்டாயம். உயரத்தில் இருப்பதால் யாரும் தொடமாட்டார்கள் என்பது, வருடத்துக்கு ஒரு முறை ஏணி போட்டுக் கண்ணாடி துடைப்பவரை மறந்துவிட்டுச் சொல்வது. நாடக மேடைகளில் தொங்கும் ஒவ்வொரு விளக்குக்கும், முதல் பிடி விட்டாலும் விழாமல் நிறுத்த இரண்டாவதாக ஓர் இரும்பு வடம் போடுவார்கள். வீட்டுச் சரவிளக்குக்கும் அதைப் போட்டுவைக்கலாம், கிண்ணத்துக்குள் மறைந்துவிடும்.

எடை என்று எதைச் சொல்கிறோம் என்பதிலும் ஏமாறுகிறோம். விளக்குப் பெட்டியில் போட்டிருக்கும் எடை, பல சமயங்களில் கண்ணாடிச் சரங்களையும் பல்புகளையும் சேர்க்காத சட்டத்தின் எடை. எல்லாம் கோத்த பிறகு நிறுத்துப் பாருங்கள். தொங்குவிளக்கின் தாங்கல் உறுப்புகள் அதன் எடையைப் போல நான்கு மடங்கை ஒரு மணி நேரம் சுமக்க வேண்டும் என்பது விளக்குகளுக்கான சர்வதேசத் தரமான ஐஇசி 60598 சொல்லும் சோதனை. விளக்கு அதில் தேறி வந்திருக்கலாம். உங்கள் கூரை தேறவில்லை. அதே நான்கு மடங்கைக் கொக்கிக்கும் வையுங்கள். இருபத்தைந்து கிலோ விளக்கென்றால் நூறு கிலோ, அதாவது இரண்டு சிமென்ட் மூட்டை. மூட்டைகளைக் கட்டி ஓர் இரவு முழுக்கத் தொங்கவிட்டு, காலையில் கொக்கி இறங்கியிருக்கிறதா என்று அளந்து பாருங்கள். இருபது வருடத்துக்கு இதுவும் சான்றாகாது; அதனால்தான் பசையைவிடக் கம்பியில் மடக்கிய கொக்கியையும், இரும்பு ஆங்கரையும் நான் விரும்புகிறேன். ஆனாலும் பத்து விநாடித் தொங்கலைவிட ஓர் இரவு எவ்வளவோ மேல்.

கடைசியாக வருவது செலவு. “இதுக்கெல்லாம் எக்ஸ்ட்ரா ஆகும் சார்.” ஆகும். நாலு ஆங்கர், ஒரு தகடு, ஒரு ராட், ஒரு மணி நேர வேலை. சாண்ட்லியர் விலையின் பக்கத்தில் வைத்தால் கண்ணுக்கே தெரியாத தொகை. உண்மையான தடை பணத்தில் இல்லை, யார் வேலை என்பதில் இருக்கிறது. எலெக்ட்ரீஷியன் அதைச் சீலிங்காரர் வேலை என்பார். சீலிங்காரர் சதுர அடிக்கு ரேட் பேசியவர். கொக்கி அவர் கணக்கில் இல்லை. டிசைனர் படத்தில் வட்டம் போட்டதோடு சரி. மூவரும் போன பிறகு, போர்டு மூடி, பட்டி பார்த்து, பெயின்ட் அடித்த கூரைக்குக் கீழே விளக்குப் பெட்டியோடு வந்து நிற்கிறார் கடைப் பையன். அவரால் வேறென்ன செய்ய முடியும்? கையில் இருக்கும் பிளக்கை அடிக்கிறார். “தாங்கும் சார்” என்கிறார்.

அந்த இடம்வரை போகவிடாமல் நிறுத்த வேண்டியவர் வீட்டுக்காரர். போர்டு மூடுவதற்கு முந்தின நாள், விளக்கின் எடையை ஒரு தாளில் எழுதி மூவரையும் ஒன்றாக நிறுத்துங்கள். கொக்கி எங்கே, யார் போடுவது, யார் மூட்டை கட்டிப் பார்ப்பது என்று அங்கேயே பேசி முடியுங்கள். முடுக்கியதும், இரண்டு சுவரிலிருந்தும் டேப் பிடித்து அளவு தெரியும்படி செல்போனில் படம் எடுத்துவையுங்கள். படத்தில் ராட் கான்கிரீட்டுக்குள் போவது தெரியவில்லையென்றால், சீலிங்காரரின் கடைசித் தவணையைக் கொடுக்காதீர்கள்.